பள்ளிவாசலில் பெண்கள்: தொழ ஓர் இடம், பேச ஓர் இடம்

விருத்தாசலம் செராமிக் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அகல் விளக்கு, பொம்மை, மின்சார ஃபியூஸ் கட்டை என்று பீங்கான் சாமான்கள் இங்கிருந்து வெளியூர்களுக்குப் போகின்றன. அச்சில் வார்ப்பது, பிசிறு தேய்ப்பது, வண்ணம் பூசுவது எனப் பட்டறைகளில் பகல் முழுக்க வேலை பார்ப்பவர்களில் பெண்கள் ஏராளம். ஊரின் ரயில் நிலையமோ சென்னை - திருச்சி பாதையிலிருந்து கடலூருக்கும் சேலத்துக்கும் கிளை பிரியும் சந்திப்பு. வேலைக்கு, படிப்புக்கு, மருத்துவமனைக்கு என்று வீட்டை விட்டு வெளியே வந்த பெண்கள் எந்நேரமும் நடமாடும் ஊர் இது. இன்று தமிழகத்தின் பெரும்பாலான ஊர்கள் இப்படித்தான்.

இத்தகைய ஓர் ஊரில் லுஹர் வக்து வருகிறது. ஆண்கள் பாங்கு சொல்லும் திசை பார்த்து நடந்துவிடுகிறார்கள். அதே பாங்கைக் கேட்ட பெண் எங்கே போவாள்? பெண்களுக்கு இடம் இருக்கும் பள்ளி பக்கத்தில் இருந்தால் அவளுடைய தொழுகை நேரத்தில் நிறைவேறும். இல்லையென்றால் வீடு திரும்பும்வரை களாவாகக் காத்திருக்கும்.

பள்ளிவாசலில் பெண்களுக்கு இடம் உண்டா என்று நாம் விவாதிக்கும்போதெல்லாம் இந்தத் தொழுகை இடத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். அது அவசியமான பேச்சு. ஆனால் பள்ளிவாசலுக்குள் இன்னொரு இடமும் இருக்கிறது. ஜமாஅத் கூடி உட்கார்ந்து கல்யாணத்தையும் தலாக்கையும் ஜீவனாம்சத்தையும் பேசும் இடம். ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் அந்தப் பேச்சில், பல ஊர்களில் அந்தப் பெண் இருப்பதில்லை. அவளுக்காக வாப்பாவோ அண்ணனோ பேசுகிறார். வெளியே வந்து, 'இப்படி முடிவாகிவிட்டது' என்று சொல்கிறார். இவ்விரண்டு இடங்களையும் சேர்த்தே நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

நபிகளாரின் பள்ளியில்

மதீனாவில் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் தொழுவித்த பள்ளியில் ஆண்களின் வரிசைகளுக்குப் பின்னால் பெண்கள் தொழுதார்கள். அல்லாஹ்வின் அடிமைகளான பெண்களை அல்லாஹ்வின் பள்ளிகளை விட்டுத் தடுக்க வேண்டாம் என்ற நபிகளாரின் கட்டளை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. குழந்தை அழும் சத்தம் கேட்டால், தாயின் மனம் தவிக்குமே என்று நபி (ஸல்) அவர்கள் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள். குழந்தையோடு வந்த தாயை நோக்கி முகம் சுளித்ததாக எந்தச் செய்தியும் இல்லை.

உமர் (ரலி) அவர்களின் மனைவி சுப்ஹுக்கும் இஷாவுக்கும் பள்ளிக்குச் சென்றுவந்தார். கணவருக்கு அதில் விருப்பம் குறைவு என்று தெரிந்தும் ஏன் போகிறீர்கள் என்று கேட்டபோது, அவர் ஏன் என்னைத் தடுக்கவில்லை என்று திருப்பிக் கேட்டார். நபிகளாரின் மேற்சொன்ன கட்டளைதான் உமரைத் தடுத்து நிறுத்தியது. உம்மு ஹிஷாம் (ரலி) என்ற சஹாபிப் பெண்மணி, ஜும்ஆ மிம்பரில் நபி (ஸல்) அவர்கள் ஓதக் கேட்டுக் கேட்டே 'காஃப்' அத்தியாயத்தை மனனம் செய்துகொண்டார். பள்ளியைக் கூட்டிச் சுத்தம் செய்துவந்த ஒரு பெண் இறந்துபோனபோது, தமக்குத் தெரிவிக்காமல் அடக்கிவிட்டார்களே என்று கேட்டு, அவருடைய கப்ருக்குச் சென்று நபி (ஸல்) அவர்கள் தொழுதார்கள்.

பெண்ணுக்கு வீட்டில் தொழுவது சிறந்தது என்ற ஹதீஸும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஜமாஅத் தொழுகையும் ஜும்ஆவும் பெண்கள்மீது கடமையில்லை என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு கிடையாது. அது பெண்ணுக்குத் தரப்பட்ட சலுகை. சலுகையைத் தடையாக மாற்றும்போதுதான் சிக்கல் வருகிறது.

மத்ஹபுகளும் நம் ஊர் வழக்கமும்

ஹனஃபி மத்ஹபில் வயதான பெண்கள் சுப்ஹு, மஃரிப், இஷா தொழுகைகளுக்குப் பள்ளிக்கு வரலாம் என்று இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அனுமதித்தார்கள். அவர்களின் மாணவர்கள் இருவரும் முதிய பெண்களுக்கு எல்லா வக்துக்கும் அனுமதி அளித்தார்கள். காலம் கெட்டுவிட்டது என்ற காரணத்தைச் சொல்லிப் பிற்கால ஹனஃபி அறிஞர்கள் எல்லாப் பெண்களுக்கும் அதை வெறுக்கத்தக்கதாக ஆக்கினார்கள். ஆகவே இது காலத்தையும் பாதுகாப்பையும் வைத்து எடுக்கப்பட்ட முடிவு. அந்தக் காரணம் இன்று எப்படி இருக்கிறது என்பதை இன்றைய ஆலிம்கள் மறுபடி பரிசீலிப்பது மத்ஹபை மீறுவதாகாது. கடைவீதிக்கும் கல்லூரிக்கும் பேருந்து நிலையத்துக்கும் பெண்கள் போய்வரும் காலத்தில், பள்ளிவாசல் ஒன்று மட்டும் பாதுகாப்பில்லாத இடம் என்று சொல்ல நமக்கு மனம் வருமா?

ஷாஃபி மத்ஹபில் பெண்கள் தங்களுக்குள் ஒருவரை இமாமாக்கி ஜமாஅத்தாகத் தொழுவது விரும்பத்தக்கது. அன்னை ஆயிஷா (ரலி), அன்னை உம்மு ஸலமா (ரலி) இருவரும் பெண்களுக்குத் தொழுவித்த செய்திகள் அதற்கு ஆதாரம். ஹனஃபியில் இது மக்ரூஹ். தமிழகத்தில் கடற்கரை ஊர்களில் ஷாஃபி வழக்கும், உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி வழக்கும் பெரும்பாலும் நிலவுவதால், ஊருக்கு ஊர் நடைமுறை மாறுவதை நாம் பார்க்கிறோம்.

தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் இருக்கின்றன. ரமளான் இரவுகளில் தராவீஹ் தொழவும், ஓதவும், மார்க்கச் சொற்பொழிவு கேட்கவும் பெண்கள் அங்கே கூடுகிறார்கள். நிர்வாகமும் ஓதிக்கொடுப்பதும் பெண்களின் கையில். வெளியிலிருந்து வந்த புதுமை என்று யாரும் இதைச் சொல்ல முடியாது. தலைமுறை தலைமுறையாக வரும் நம் ஊர் வழக்கம் இது.

ஹனஃபி வழக்கைப் பின்பற்றும் சீன முஸ்லிம்களிடமும் இதைப் போன்ற ஒன்று உண்டு. ஹெனான் மாகாணத்தில் பெண்களுக்கான கல்விக்கூடங்கள் மெல்ல மெல்லப் பெண்கள் பள்ளிவாசல்களாக வளர்ந்தன. கைஃபெங் நகரில் 1820-ஆம் ஆண்டைச் சேர்ந்த பெண்கள் பள்ளி ஒன்று இன்றும் இருக்கிறது. அங்கே மார்க்கம் கற்பித்து வழிநடத்தும் பெண்களை 'அஹொங்' என்று ஆண் ஆலிம்களை அழைக்கும் அதே பெயரால் அழைக்கிறார்கள்.

தமிழகத்திலும் கடந்த 30, 40 ஆண்டுகளில் நிலைமை மாறியிருக்கிறது. பெருநாள் திடல்களுக்குப் பெண்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். புதிதாகக் கட்டப்படும் பல பள்ளிகளில் பெண்களுக்கான பகுதி வரைபடத்திலேயே இடம்பெறுகிறது. பெண்களைப் பள்ளிகளில் அனுமதிக்கக் கோரி புனேயிலிருந்து 2019-இல் உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கலானது. அதற்குப் பதிலளித்த அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம், பெண்கள் பள்ளிக்கு வந்து தொழ மார்க்கத்தில் அனுமதி உண்டு என்று 2020 ஜனவரியில் எழுத்துபூர்வமாகத் தெரிவித்தது. 2023-இல் தாக்கல் செய்த பதிலிலும் அதே நிலையைச் சொன்னதோடு, புதிய பள்ளிகள் கட்டும்போது பெண்களுக்குத் தகுந்த இடம் ஒதுக்குவதைக் கவனத்தில் கொள்ளுமாறு சமுதாயத்துக்கு விடுத்த வேண்டுகோளையும் எடுத்துக்காட்டியது. ஆகவே 'மார்க்கத்தில் இடமில்லை' என்று இனி யாரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. மீதி இருப்பது கட்டட வசதியும் மனமும்தான்.

வழக்கைப் பேச வந்த பெண்கள்

தொழுகை இடத்தில் மத்ஹபு வேறுபாடு இருக்கிறது. ஆனால் ஒரு பெண் தன் குறையைத் தானே சபையில் சொல்வதில் அப்படி என்ன வேறுபாடு இருக்கிறது?

கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) தம் கணவரைப் பற்றிய முறையீட்டோடு நபிகளாரிடம் நேரில் வந்தார். விடாமல் வாதாடினார். அவருடைய பேச்சை அல்லாஹ் செவியுற்றதாக அறிவித்தபடியே 58-ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. அந்த அத்தியாயத்தின் பெயரே 'அல்முஜாதலா', அதாவது தர்க்கித்தல். ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி, கணவரின் மார்க்கத்திலும் குணத்திலும் குறை சொல்லவில்லை, ஆனாலும் அவரோடு வாழ இயலாது என்று நபிகளாரிடம் தாமே சொன்னார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தரச் சம்மதமா என்று அவரிடமே கேட்கப்பட்டது. குலாவின் அடிப்படையே இந்த நிகழ்வுதான். தம் சம்மதமில்லாமல் தந்தை முடித்துவைத்த திருமணத்தைப் பற்றி கன்ஸா (ரலி) முறையிட்டார். அந்தத் திருமணம் ரத்தானது. பரீரா (ரலி) அவர்களிடம், பிரிந்த கணவரோடு மீண்டும் சேரலாமே என்று நபி (ஸல்) அவர்கள் பரிந்துரைத்தார்கள். இது கட்டளையா என்று கேட்டார் பரீரா. பரிந்துரைதான் என்று தெரிந்ததும் மறுத்துவிட்டார். அதற்காக அவரை யாரும் கண்டிக்கவில்லை.

இந்த நான்கு நிகழ்வுகளிலும் ஒன்று பொது. பெண் நேரில் வந்தாள், அவளே பேசினாள், அவளிடமே கேள்வி கேட்கப்பட்டது.

நம் மஹல்லாக்களில் ஜமாஅத்தின் கணக்கு தலைக்கட்டில் தொடங்குகிறது. சந்தா தலைக்கட்டுக்கு. பொதுக்குழுவில் உட்காரும் உரிமையும் தலைக்கட்டுக்கு. தலைக்கட்டு என்றால் பெரும்பாலும் ஆண். கணவரை இழந்து தையல் இயந்திரத்திலோ பட்டறைக் கூலியிலோ பிள்ளைகளை வளர்க்கும் பெண், அந்த வீட்டுக்கு உண்மையில் தலை. ஆனால் பல ஊர்களில் ஜமாஅத் புத்தகத்தில் அவள் பெயர் இருக்காது. வெளியூர் மாப்பிள்ளைக்கு மகளைக் கொடுக்க வேண்டுமானால் ஜமாஅத் கடிதம் வேண்டும். அதற்கும் அவள் யாரையாவது முன்னிறுத்தித்தான் போக வேண்டும்.

புதுக்கோட்டையில் நடந்தது

இந்த அடைபட்ட கதவுக்கு எதிர்வினையாகத்தான் புதுக்கோட்டையில் பெண்கள் ஜமாஅத் பிறந்தது. ஷரீஃபா கானம் 1991-இல் அங்கே 'ஸ்டெப்ஸ்' என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். வரதட்சணை, தலாக், அடி உதை என்று வந்த முஸ்லிம் பெண்கள் ஒரே மாதிரியான குறையைச் சொன்னார்கள். ஊர் ஜமாஅத்தில் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை என்பதே அது. 2004-இல் பெண்களே கூடி வழக்குகளைப் பேசும் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் உருவானது. தீபா தன்ராஜ் 2011-இல் இதைப் பற்றி 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்' என்ற ஆவணப்படம் எடுத்தார். அப்போதே 12 மாவட்டங்களில் 12,000 உறுப்பினர்களும், பேசி முடித்த 8,000-க்கும் மேற்பட்ட வழக்குகளும் இருப்பதாக அந்தப் படக்குழு குறிப்பிட்டது.

பெண்களுக்கெனத் தனிப் பள்ளிவாசல் ஒன்றைக் கட்டும் திட்டத்தையும் ஷரீஃபா கானம் அறிவித்தார். தொழவும், குறைகளைப் பேசவும் ஒரே இடமாக அது இருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். கடும் எதிர்ப்பு எழுந்தது. இது சமுதாயத்தைப் பிளக்கும் என்று சொன்னவர்கள் உண்டு. அவருடைய எல்லாக் கருத்துகளையும் நாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் யோசிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பெண்கள் தங்கள் ஊர்ப் பள்ளிவாசலைத் தாண்டி வேறொரு ஜமாஅத்தைத் தேடிப் போனார்கள் என்றால், தங்கள் மஹல்லாவில் அவர்களுக்கு என்ன கிடைக்கவில்லை? பிளவைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் அந்தக் கேள்விக்கு முதலில் பதில் தேட வேண்டும்.

சட்டம் சொல்லும் எல்லை

ஜமாஅத்தின் அதிகாரம் எதுவரை என்பதை நம் குடும்பங்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. வழிபாட்டுத் தலங்களில் நீதிமன்றங்களைப் போல எதுவும் இயங்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. காழி கொடுக்கும் தலாக் சான்றிதழ் ஒரு கருத்து மட்டுமே, சட்டபூர்வ ஆதாரம் ஆகாது என்று 2017 ஜனவரியில் அதே நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தவர் வழக்கறிஞரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான பதர் சயீத். குலா கோரும் உரிமை பெண்ணுக்கு உண்டு, ஆனால் அதற்கான சான்றைத் தனியார் ஷரீஅத் கவுன்சில்கள் வழங்க முடியாது, குடும்ப நீதிமன்றத்தையே அணுக வேண்டும் என்று 2023 ஜனவரியில் தீர்ப்பானது. முத்தலாக் 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டு, 2019 சட்டத்தின் மூலம் தண்டனைக்குரிய குற்றமும் ஆனது.

இதன் பொருள் ஜமாஅத் பேசவே கூடாது என்பதல்ல. சமரசம் செய்துவைப்பது, பிரிந்தவர்களைச் சேர்ப்பது, மஹரையும் சீதனப் பொருட்களையும் வாங்கித் தருவது ஆகியவை என்றும் தேவைப்படும் நற்செயல்கள். ஆனால் சமரசம் என்பது இரு தரப்பும் மனமொப்பிச் செய்வது. ஒரு தரப்பு அறைக்குள்ளேயே இல்லாதபோது அதற்குச் சமரசம் என்று பெயர் வைக்க முடியாது.

பொறுப்பில் பெண்கள்

பெண் கருத்துச் சொல்லலாம், நிர்வாகப் பொறுப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு உமர் (ரலி) அவர்களின் வக்ஃப் நல்ல பாடம். கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை நபிகளாரின் ஆலோசனைப்படி வக்ஃப் செய்தார்கள். தமக்குப் பின் அதன் நிர்வாகத்தை மகளும் நபிகளாரின் மனைவியுமான ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கக் கால வக்ஃபுகளில் ஒன்றுக்குப் பொறுப்பாளர் ஒரு பெண். இந்திய நீதிமன்றங்களும், மதச் சடங்கை நேரில் நடத்தும் கடமை இல்லாத இடத்தில் பெண் முத்தவல்லியாக இருக்கலாம் என்பதை நெடுங்காலமாக ஏற்றுவந்திருக்கின்றன.

வக்ஃப் சட்டத்தில் 2013-இல் செய்யப்பட்ட திருத்தம், மாநில வக்ஃப் வாரியங்களில் குறைந்தது 2 பெண் உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்றது. அதற்கு முன்பே தமிழ்நாடு வக்ஃப் வாரியத்துக்குத் தலைவராக இருந்தவர் மேலே சொன்ன பதர் சயீத். மாநிலம் முழுவதற்குமான வாரியத்துக்குப் பெண் தலைமை ஏற்க முடிந்தது என்றால், ஒரு தெருப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் இரண்டு பெண்கள் உட்காருவதில் என்ன தடை?

நம் மஹல்லாவில் தொடங்கக் கூடியவை

முதலில் தொழுகை இடம். தனி வாசல், தனி ஒளூ வசதி, கழிவறை, வெளிச்சம், இமாமின் குரல் தெளிவாகக் கேட்கும் ஒலிபெருக்கி இவை போதும். முட்டி வலியுள்ள பாட்டிமார் ஏற முடியாத மாடியில் இடம் ஒதுக்கிவிட்டு, பெண்கள் வருவதில்லை என்று சொல்லக் கூடாது. பெருநாளுக்கு மட்டும் திறந்து மற்ற நாட்களில் தேக்சாக்களும் பாய்களும் அடுக்கும் அறையாகவும் அது ஆகிவிடக் கூடாது. பேருந்து நிலையம், ரயில் நிலையம், மருத்துவமனை அருகிலுள்ள பள்ளிகள் வாசலில் 'பெண்கள் தொழ வசதி உண்டு' என்று ஒரு பலகை வைத்தால் பயணத்தில் இருக்கும் சகோதரிகள் எத்தனையோ பேர் துஆ செய்வார்கள்.

இரண்டாவது, வழக்கைக் கேட்கும் முறை. பெண் சம்பந்தப்பட்ட எந்தப் பேச்சிலும் அவளை நேரில் அழைக்க வேண்டும். அவள் விரும்பும் ஒரு பெண் துணைக்கு உட்கார வேண்டும். சில விஷயங்களைப் பத்து ஆண்கள் முன் எந்தப் பெண்ணும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். அதற்காகவே ஓர் ஆலிமா, ஒரு வழக்கறிஞர், ஊர் மதிக்கும் ஒரு மூத்த பெண்மணி எனச் சிறு குழு இருக்கலாம். முடிவை எழுதி இரு தரப்புக்கும் ஆளுக்கொரு நகல் கொடுக்க வேண்டும். அடி உதை, உயிருக்கு ஆபத்து என்றால் சமரசம் பேசி நாள் கடத்தாமல் காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, புத்தகம். விதவைகளும் தலாக் ஆனவர்களும் நடத்தும் குடும்பங்களை அவர்கள் பெயரிலேயே தலைக்கட்டாகப் பதிய வேண்டும். பைத்துல்மால் உதவி யாருக்குத் தேவை என்பது அடுக்களை நிலவரம் அறிந்த பெண்களுக்கே நன்கு தெரியும். மக்தப் மதரஸாவிலும் பிள்ளைகளை உட்கார வைத்து ஓதவைப்பது வீட்டில் உம்மாமார்தான். இவ்விரண்டின் நிர்வாகத்திலும் பெண்கள் இல்லாதிருப்பது நமக்குத்தான் நஷ்டம்.

எங்கள் பள்ளி சிறியது, பெண்களுக்கு ஒதுக்க இடமே இல்லை என்று சில நிர்வாகிகள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். நிலத்தின் விலையும் கட்டடச் செலவும் நமக்குத் தெரியாததல்ல. ஆனால் ஒரு பெண்ணை அழைத்து உட்காரவைத்து அவள் சொல்வதைக் கேட்பதற்குச் சதுர அடி வேண்டியதில்லை. இடம் தர இயலாத பள்ளியும் காது கொடுக்கலாம். அதில் மத்ஹபு வேறுபாடும் குறுக்கே நிற்கவில்லை.

உங்கள் ஊரில் அடுத்த பொதுக்குழு கூடும்போது, இந்த ஆண்டு எத்தனை குடும்ப வழக்குகள் பேசினோம், அவற்றில் எத்தனை பெண்களை நேரில் கேட்டோம் என்று ஒருவர் எழுந்து கேளுங்கள். ஜமாஅத் மினிட் புத்தகத்தைத் திறந்து அங்கேயே எண்ணிப் பார்க்கலாம். கிடைக்கும் எண்ணை வைத்துக்கொண்டு மற்றதைப் பேசத் தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.